கோச் கொடுத்த பவுடர், தங்கைக்கு வந்த நோட்டீஸ்

கோச் கொடுத்த புரோட்டீன் பவுடரைக் குடித்த 17 வயதுத் தங்கையின் சிறுநீர் மாதிரியில் ஸ்டானோசோலால் என்ற தடை செய்யப்பட்ட ஸ்டெராய்டு இருப்பதாக தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையான நாடா நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது, தப்பு கோச்சுடையதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயப்படி சரி, ஆனால் ஊக்கமருந்து விதியில் உடம்புக்குள் போனதற்கு வீராங்கனையே பொறுப்பு, தெரியாமல் குடித்தேன் என்பது மட்டும் எடுபடாது. அதே சிறுநீரின் இரண்டாவது பாட்டிலான பி மாதிரியையும் சோதிக்கச் சொல்வதா என்று நோட்டீஸில் உள்ள கெடுவுக்குள் முடிவு செய்யுங்கள். அப்புறம், அந்த டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்: அடியில் மிச்சமிருக்கும் தூள், பேட்ச் எண், வாங்கிய பில், கோச் அனுப்பிய வாட்ஸ்அப் எல்லாமே ஆதாரம், பவுடரில் கலப்படம் என்று நிரூபித்தால் 4 வருடம் வரை போகக்கூடிய தடை வெகுவாகக் குறையலாம். 18 நிரம்பாதவர் என்பதால் கோச்சையும் விசாரிக்க வாய்ப்பு அதிகம், ஆகவே 'நான் பேசிக்கிறேன்' என்று அவர் சொன்னால் நம்பி உட்காராமல் தனியாக ஒரு வக்கீலைப் பாருங்கள்.