பெயரை மாற்றினால் போதுமா?

கேள்வி: கல்லூரித் தோழிகள் நான்கு பேர், பல வருடங்களுக்குப் பிறகு இந்தக் கோடை விடுமுறையில் ஒன்றாகத் தங்கினோம். ஓர் இரவு மற்ற மூவரும் மனம் விட்டுப் பேசினார்கள். தன் மகள் தத்துப்பிள்ளை என்றும், அது மகளுக்கே தெரியாது என்றும் ஒருத்தி அழுதாள். அதை நாவலாக எழுதிக்கொண்டிருக்கிறேன். பெயர், ஊர் எல்லாம் மாற்றிவிட்டேன். அவள் மகளுக்குப் பதினேழு வயது. என் கதைகளை ஒன்று விடாமல் படிப்பவள். தோழியிடம் அனுமதி கேட்க வேண்டுமா?

பதில்: ஒன்று விடாமல் படிப்பவள் என்று எழுதினீர்களே, அப்போது உங்களுக்குக் கை நடுங்கவில்லையா? நாவல் வந்ததும் முதலில் படிக்கப்போவது அந்தப் பெண்தான். நீங்கள் நால்வரும் கோடையில் கூடியது அவளுக்குத் தெரியும். எழுதியது யார் என்றும் தெரியும். நான்கு தோழிகள், ஒரு தத்துப்பிள்ளை. மிச்சத்தைக் கணக்குப்போட அவளுக்கு எவ்வளவு நேரமாகும்? 'யாவும் கற்பனை' என்பதெல்லாம் ஊராருக்கு. கூடப் பழகியவர்கள் ஒரு சிரிப்பை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அமெரிக்க எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டி, நெருங்கியவர்களின் அந்தரங்கத்தைப் பெயர் மாற்றிக் கதையாக்கி 1975-இல் எஸ்கொயர் இதழில் வெளியிட்டார். ஆட்கள் யாரென்று உடனே தெரிந்துவிட்டது. உயிர்த்தோழியாக இருந்த பேப் பேலி உறவை முறித்தவர், 1978-இல் இறக்கும்வரை அவரோடு சேரவில்லை. அங்கே அடிபட்டவர்கள் உலகம் பார்த்த பெரியவர்கள். இங்கே ஒரு குழந்தை.

தத்தெடுத்த பிள்ளையிடம் சின்ன வயதிலிருந்தே உண்மையைச் சொல்லி வளர்க்க வேண்டும். உங்கள் தோழி அதில் தவறிவிட்டாள், எனக்கு அவள்மீதும் கோபம்தான். ஆனாலும் சொல்ல வேண்டியவர்கள் அந்தத் தாயும் தகப்பனும். பிறர் மூலம் தெரிந்துகொண்ட பிள்ளைகள் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். 'எல்லாருக்கும் தெரிந்திருந்தது, எனக்கு மட்டும் தெரியவில்லை' என்பதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை.

இன்னொன்று. மற்ற மூவரும் மனம் விட்டுப் பேசியதாகச் சொல்கிறீர்கள். நீங்கள் என்ன பேசினீர்கள் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே? நாவலுக்கு அது போதாதா?

தோழிக்கு இந்த வாரமே போன் செய்யுங்கள். அனுமதி கேட்காதீர்கள், மகளின் பிறப்பைப் பற்றி எழுதிக்கொள் என்று சொல்ல அவளுக்கும் உரிமை கிடையாது. மகளிடம் சொல்லிவிடு, துணை வேண்டுமென்றால் நான் வருகிறேன் என்று சொல்லுங்கள். அவள் தயங்குவாள், நாள் தள்ளுவாள். விடாமல் கேளுங்கள். அந்தப் பெண்ணின் கதையை நாவலிலிருந்து எடுத்துவிடுங்கள். எழுதிய பக்கங்களை யாரிடமும் காட்ட வேண்டாம், பதிப்பாளரிடமும்.