பித்தளைக் குரங்குக்கு என்ன உறைந்தது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

என்னுடன் பணிபுரியும் ஆங்கிலேயர் ஒருவர் கடுங்குளிர் நாட்களில் 'பிராஸ் மங்கீஸ்!' என்பார். பித்தளைக் குரங்கின் 'பால்ஸ்' உறைந்து விழும் குளிர் என்பதே முழுத் தொடராம். போர்க்கப்பல்களில் பீரங்கிக் குண்டுகளை அடுக்கிய பித்தளைத் தட்டுக்கு 'மங்கி' என்று பெயர், குளிரில் தட்டு சுருங்கிக் குண்டுகள் உருண்டுவிடும், ஆகவே இதில் ஆபாசமே இல்லை என்கிறார். உண்மையா? நானும் சொல்லலாமா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஆபாசம்தான். அந்த 'பால்ஸ்' விரைகளைத்தான் குறிக்கிறது.

ஆடும் கப்பலில் இரும்புக் குண்டுகளைக் கோபுரமாக அடுக்க எந்த மாலுமியும் துணியமாட்டான். ஓர் அலை அடித்தால் அத்தனையும் அவன் காலில் விழும். குழி வெட்டிய மரப்பலகைகளில்தான் அவற்றை வரிசையாக வைத்தார்கள். பித்தளை இரும்பைவிட அதிகம் சுருங்கும் என்பது சரியே. ஆனால் ஒரு மீட்டர் நீளத்துக்கு, வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ் இறங்கினாலும் இரண்டுக்கும் இடையே சுமார் 0.2 மில்லிமீட்டர்தான் வித்தியாசம் வரும். அதற்கெல்லாம் குண்டு அசையாது.

இதைவிட நல்ல சாட்சி ஹெர்மன் மெல்வில். 1847இல் வெளிவந்த அவருடைய 'ஓமூ' நாவலில், பித்தளைக் குரங்கின் மூக்கே உருகிவிடும் வெயில் என்று ஒரு பேச்சு வருகிறது. அந்த நூற்றாண்டு முழுக்க அந்தக் குரங்கு படாத பாடு பட்டிருக்கிறது: மூக்கு, காது, வால் என்று ஒவ்வொன்றாகப் பறிகொடுத்தது, வெயிலிலும் குளிரிலும். குண்டுத் தட்டுக்கு ஏது மூக்கும் வாலும்? விரைகள் அச்சில் தலைகாட்டியது பின்னால்தான். அச்சகத்தாரின் கூச்சத்தை அறிந்தவர்களுக்கு அதில் வியப்பிருக்காது.

ஆனாலும் கப்பல் கதை சாகாது. கெட்ட வார்த்தையையும் சொல்ல வேண்டும், கண்ணியவான் என்ற பெயரும் கெடக்கூடாது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

இனி, சொல்லலாமா என்ற கேள்வி. உங்கள் நண்பர் சொல்லும் குறுவடிவம் பெரிதாக யாரையும் உறுத்தாது. வெளியிலிருந்து வந்தவர் கைகளைத் தேய்த்துக்கொண்டே 'இட்ஸ் பிராஸ் மங்கீஸ் அவுட் தேர்' என்றால், கேட்பவர் சிரித்துவிட்டுக் கதவைச் சாத்துவார். வானிலைக்கு மட்டுமே பொருந்தும். யாரேனும் முகம் கொடுத்துப் பேசாததற்கு இதைச் சொன்னால் விழிப்பார்கள். முழுத் தொடரை நெருங்கிய நண்பர்களோடு வைத்துக்கொள்ளுங்கள். மேலாளருக்கு மின்னஞ்சல் எழுதும்போது வெறுமனே 'வெரி கோல்ட்' என்று எழுதுங்கள், போதும்.

அன்புடன்,
ஆசிரியர்