முதலிடம் கொடுத்தது யார்?

கேள்வி: தொழிலில் இன்ஜினியர் நீங்கள். பழைய பாட்டுத் தரவரிசைப் பட்டியல்களை உட்கார்ந்து தொகுப்பதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

பதில்: ஒரு மீட்டர் காட்டும் எண்ணை நம்புவதற்கு முன்னால், அது எங்கே மாட்டியிருக்கிறது, சரிபார்த்தார்களா என்று கேட்கும் புத்தி இந்தத் தொழிலில் ஒட்டிக்கொள்ளும். பட்டியலையும் அப்படித்தான் பார்க்கிறேன். பிரிட்டனின் முதல் சிங்கிள்ஸ் (ஆல்பமாக இல்லாமல் தனிப்பாட்டாக விற்கும் இசைத்தட்டு) பட்டியல் 1952 நவம்பர் 14 அன்று நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் பத்திரிகையில் வந்தது. அந்தப் பத்திரிகையின் பெர்சி டிக்கின்ஸ் சுமார் 20 கடைகளுக்கு போன் போட்டு, இந்த வாரம் எது நன்றாகப் போனது என்று கேட்டு எழுதிக்கொண்டார், அவ்வளவுதான் கருவி! பெயர் டாப் 12, ஆனால் சில இடங்களைப் பல பாட்டுகள் பகிர்ந்துகொண்டதால் உள்ளே இருந்தவை 15.

கேள்வி: பீட்டில்ஸின் 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' முதலிடமா, இரண்டாமிடமா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்களே?

பதில்: இரண்டும் சரி, அப்போது ஒவ்வொரு பத்திரிகையும் தனித்தனிப் பட்டியல் போட்டது. 1963-ல் நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸிலும் மெலடி மேக்கரிலும் முதலிடம், ரெக்கார்ட் ரீடெய்லரில் இரண்டாமிடம். 1960 மார்ச்சுக்குப் பிறகான காலத்துக்கு ரெக்கார்ட் ரீடெய்லரையே அதிகாரபூர்வப் பட்டியலாக எடுத்துக்கொள்வது என்று பின்னால் வந்தவர்கள் முடிவு செய்ததால், அன்று கடையில் நின்று இசைத்தட்டு வாங்கியவர்களுக்கு முதலிடமாகத் தெரிந்த பாட்டு இன்றைய பதிவேட்டில் ஒரு படி கீழே நிற்கிறது. 2000-ல் வந்த பீட்டில்ஸ் முதலிடத் தொகுப்பிலும் அது இல்லை. என் குறிப்பில் பத்திரிகைக்கு ஒரு பத்தி, சராசரி போடுவதே கிடையாது. பிபிசி பத்திரிகைப் பட்டியல்களைச் சேர்த்துச் சராசரி போட்டுப் பார்த்தது. 1968 ஆகஸ்டில் ஒரே வாரத்தில் மூன்று பாட்டுகள் முதலிடத்தில் வந்து நின்றன. யாரைக் குறை சொல்வது, கணக்கு சரிதான்!

கேள்வி: 1991-ல் அமெரிக்க ரசனை திடீரென்று மாறியது ஏன்?

பதில்: ரசனை எங்கே மாறியது, மாறியது அளவெடுத்த விதம். அதுவரை கடைக்காரர்கள் சொன்ன வரிசையை வைத்துத்தான் அமெரிக்க இசைப் பத்திரிகையான பில்போர்டு பட்டியல் போட்டது. ஞாபகம், சொந்த விருப்பம், கம்பெனி ஆட்களின் நச்சரிப்பு எல்லாம் அதில் கலந்திருக்கும். அந்த ஆண்டு மே 25 முதல் ஆல்பம் பட்டியலுக்கு கல்லாவில் ஸ்கேன் ஆகும் பார்கோடு கணக்கு வந்தது, நவம்பர் இறுதியில் அதன் பாட்டுப் பட்டியலான ஹாட் 100-க்கும். உடனே கன்ட்ரி (அமெரிக்க நாட்டுப்புற பாணி இசை), ராப் இசைத்தட்டுகள் மேலே ஏறின. செப்டம்பரில் கன்ட்ரி பாடகர் கார்த் புரூக்ஸின் ஆல்பம் நேராக முதலிடத்திலேயே நுழைந்தது. அதனால் 1990-ஐயும் 1992-ஐயும் ஒரே கோட்டில் வரைந்து 'பாருங்கள், கன்ட்ரி வளர்ந்துவிட்டது' என்று யாராவது காட்டினால், தயவுசெய்து நடுவில் ஒரு கோடு கிழித்துவிடுங்கள்.

அப்புறம் 1998 டிசம்பர் வரை, கடையில் சிங்கிளாக விற்காத பாட்டுக்கு ஹாட் 100-ல் இடமே இல்லை. நோ டவுட் குழுவின் 'டோன்ட் ஸ்பீக்' வானொலிப் பட்டியலில் 16 வாரம் முதலிடத்தில் இருந்தும் ஹாட் 100-க்குள் வரவில்லை. யாரோ மறந்துவிட்டார்கள் என்று நினைத்து நான் ஒரு மாதம் தேடினேன்!

கேள்வி: 1910-ன் நம்பர் ஒன் பாட்டு எது?

பதில்: பில்போர்டின் தேசிய விற்பனைப் பட்டியல் தொடங்கியதே 1940 ஜூலையில்தான். அதற்கு முந்தைய வாராந்தர 'முதலிடங்கள்' பின்னால் உட்கார்ந்து கட்டியவை. என் நோட்டில் அந்தப் பக்கம் காலி.