இன்டர்வியூவுக்கு முன் எந்த ஆங்கிலத் தவறைத் திருத்துவது?

உங்கள் மகளின் ரெஸ்யூமே, கவர் லெட்டர் இரண்டையும் படித்தேன் அம்மா. நீங்கள் பயப்படுகிற அளவுக்கு அவளுடைய ஆங்கிலம் மோசமில்லை. ஒன்றுபோலத் தெரிகிற சில சொற்றொடர்கள் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். இதற்காகக் கிராமர் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க வைக்காதீர்கள், நேரமும் இல்லை, தேவையும் இல்லை.

அர்த்தத்தையே கவிழ்த்துவிடும் தவறுகளை முதலில் பிடிக்கச் சொல்லுங்கள். 'ஐ வொர்க் ஹார்ட்லி' என்று எழுதியிருக்கிறாள். கடினமாக உழைப்பேன் என்று சொல்ல நினைத்திருக்கிறாள், படிப்பவருக்கோ 'நான் வேலையே செய்யமாட்டேன்' என்கிற மாதிரி இருக்கும். ஸ்லோ என்பது ஸ்லோலி ஆகிறதே, ஹார்டும் அப்படித்தான் ஆகும் என்று நினைப்பது இயல்புதான், ஆனால் ஆங்கிலம் அவ்வளவு ஒழுங்கான மொழி இல்லை, இங்கே வெறும் 'ஹார்ட்' போதும். 'ஐ ஹேவ் ஃபியூ ஸ்கில்ஸ்' என்பதும் இதே ரகம்: முன்னால் ஒரு 'அ' இருந்தால் சில திறமைகள் உண்டு, அது விட்டுப்போனால் திறமை அதிகம் இல்லை என்று அவளே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும்.

நிறைய பேர் சிக்குவது 'யூஸ்டு டு'வில். 'ஐ யூஸ்டு டு வொர்க் இன் அ டீம்' என்றால் முன்பு குழுவில் வேலை செய்துகொண்டிருந்தேன், இப்போது இல்லை. குழுவில் வேலை செய்து பழக்கம் உண்டு என்று சொல்ல வேண்டுமானால் 'ஐ ஆம் யூஸ்டு டு வொர்க்கிங் இன் அ டீம்'. அப்புறம் 'பை', 'அன்டில்' குழப்பம். தமிழில் யோசித்தாலே இது தீர்ந்துவிடும்: வெள்ளிக்கிழமைக்குள் முடித்துத் தருவேன் என்றால் 'பை ஃப்ரைடே', வெள்ளிக்கிழமை வரை ஊரில் இருப்பேன் என்றால் 'அன்டில் ஃப்ரைடே'.

'டிஸ்கஸ் அபவுட்', 'லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ' இரண்டும் தவறுதான். முன்னதில் 'அபவுட்' வேண்டாம், பின்னதில் 'மீட்டிங்' என்று வர வேண்டும். பேச்சில் இப்படி வந்துவிட்டால் யாருக்கும் அர்த்தம் கெடாது, அதனால் கலங்க வேண்டாம், எழுத்தில் மட்டும் திருத்தினால் சரி. 'குட் ஹேவ்' (could have) என்பதை 'குட் ஆஃப்' (could of) என்று தவறாக எழுதுகிறவர்கள் ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களிலும் ஏராளம், பேசும்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஒலிப்பதால் வருகிற வினை அது.

குழப்புகிற இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள், இன்டர்வியூ நேரத்தில் எது எது என்று மறுபடி கலந்துவிடும். சரியான வடிவத்தை மட்டும் எடுத்து, தன் படிப்பையும் தான் செய்த ப்ராஜெக்ட்டையும் பற்றி அவளே வாக்கியம் அமைத்து, சத்தமாகச் சொல்லிப் பழகட்டும். நீங்கள் எதிரில் உட்கார்ந்து கேளுங்கள். தவறு காதில் விழுந்தாலும் நடுவில் நிறுத்தாதீர்கள், ஒரு சீட்டில் குறித்துக்கொண்டு அவள் பதிலை முடித்த பிறகு காட்டுங்கள்.