புதுவையில் படிக்க, பார்க்க, பழக: கேள்வி பதில்

புதுச்சேரி நூலகங்கள், ஊர்த் திருவிழாக்கள், பிரெஞ்சுத் தொடர்பு பற்றி நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். நூலக நேரம், சந்தா போன்றவை அடிக்கடி மாறும். அதை மட்டும் நேரில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

லாஸ்பேட்டையிலிருந்து: சார், ரோமன் ரோலண்ட் நூலகம் ஒயிட் டவுன் பக்கம் இருக்கு. எங்களை மாதிரி ஆளுங்க உள்ளே போலாமா? பிரெஞ்சுப் புத்தகம் மட்டும்தான் இருக்குமா?

தாராளமாகப் போங்கள். அது அரசுப் பொது நூலகம். காலையில் போனால் பேப்பர் படிக்கிற பெரியவர்களையும் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளையும்தான் அதிகம் பார்ப்பீர்கள். 1827ல், ரிஷ்மோன் கவர்னராக இருந்தபோது தொடங்கிய நூலகம் என்பதால் பழைய பிரெஞ்சு நூல்கள் உண்டு. தமிழும் ஆங்கிலமும் நிறைய உண்டு. காந்தியைப் பற்றியும் ராமகிருஷ்ணரைப் பற்றியும் எழுதிய பிரெஞ்சு எழுத்தாளர் ரோலண்ட். அவருடைய நூற்றாண்டான 1966ல்தான் இந்தப் பெயர் வந்தது. உறுப்பினராக வேண்டும் என்றால் அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் கையில் எடுத்துப் போங்கள், இரண்டாவது தடவை அலைய வேண்டியிருக்காது.

முத்தியால்பேட்டையிலிருந்து: தாத்தா பெட்டியில் ஓலைச்சுவடிக் கட்டு ஒன்று கிடைத்தது. பாதி ஏட்டில் எழுத்தே இல்லை. என்ன செய்யலாம்? ஆராய்ச்சிக்காரர்களிடம் காட்டினால் வாங்கி வைத்துக்கொள்வார்களோ என்று அம்மா பயப்படுகிறார்.

எழுத்து இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஏட்டில் எழுத்தாணியால் கீறுவதுதான் எழுத்து. அதன்மேல் மை பூசித் துடைத்தால்தான் கறுப்பாகத் தெரியும். மை பூசாத ஏடு வெறும் ஓலை மாதிரியே இருக்கும். செல்போன் டார்ச்சை நேராக அடிக்காமல் ஏட்டின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், கீறல் எழும்பித் தெரியும். இடது ஓரத்தில் தமிழ் எண் இருந்தால் அது ஏட்டு எண், வரிசையைக் கலைக்காதீர்கள்.

தண்ணீர் படக் கூடாது. வீட்டு நல்லெண்ணெயும் வேண்டாம், தூசியும் பிசுக்கும்தான் சேரும். சுவடி பராமரிக்கிறவர்கள் புல்தைலம் பூசுவார்கள், ஆனால் அது சுத்தம் செய்த பிறகு, பழகிய கை செய்கிற வேலை. ஒட்டிக்கொண்ட ஏடுகளைப் பிய்க்கவே கூடாது. கயிறு இற்றுப் போயிருந்தால் மெல்லிய பருத்தித் துணியில் மொத்தமாகச் சுற்றி, தரையை விட்டு உயரமாக வையுங்கள். முதல் ஏடு, கடைசி ஏடு இரண்டையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் படங்களோடு செயின்ட் லூயி வீதியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்குப் போய்க் கேளுங்கள். 1955ல் ழான் ஃபிலியோசா தொடங்கியது. சுமார் 8,600 சுவடிக் கட்டுகள் அங்கே இருக்கின்றன. பெரும்பாலும் சைவ ஆகமங்கள், அதாவது கோயில் வழிபாட்டு முறைகளைச் சொல்லும் நூல்கள். மொழி சமஸ்கிருதம், எழுத்து கிரந்தம். இந்தக் கட்டுகளும் துய்மா வீதியில் உள்ள இன்னொரு பிரெஞ்சு ஆய்வு மையத்தின் கட்டுகளும் சேர்ந்து 2005ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன.

அம்மாவின் பயம் புதிதல்ல. அந்த நிறுவனத்தின் அறிஞர் என்.ஆர். பட்டும் அவரோடு இருந்த பண்டிதர்களும் தமிழ்நாட்டுக் கோயில்களுக்கும் குருக்கள் வீடுகளுக்கும் போய்ச் சுவடி தேடிய காலத்திலேயே, தர மனமில்லாதவர்கள் இருந்தார்கள். அவர்களிடம் ஏட்டை வாங்கிக் காகிதத்தில் படியெடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். நீங்களும் படம் எடுக்க மட்டும் தருவதாகச் சொல்லலாம். எங்கே கொடுத்தாலும் எத்தனை ஏடு, என்றைக்குத் திருப்புவார்கள் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் கட்டு ஆகமமாக இருக்க வேண்டும் என்றில்லை. வைத்தியமோ, ஜாதகமோ, நிலக்கணக்கோ எதுவானாலும் காட்டத் தகுந்ததுதான்.

வில்லியனூரிலிருந்து: அப்பா சேர்த்த புத்தகங்கள் நிறைய. நூலகத்துக்குக் கொடுக்கப் போனால் தயங்குகிறார்கள். ஏன் இப்படி?

தயங்குவதில் நியாயம் இருக்கிறது. கடலோர ஊரில் பத்து வருஷம் மூட்டை கட்டி வைத்த புத்தகத்தில் பூஞ்சையோ ராமபாணப் பூச்சியோ கட்டாயம் இருக்கும். ஒரு மூட்டை போதும், அலமாரி முழுக்கப் பரவிவிடும். முதலில் காற்றோட்டமான நிழலில் விரித்து, உதறி, துடைத்து எடுங்கள். வெயிலில் காயப்போட்டால் அட்டை வளைந்துவிடும். பிறகு பெயர், ஆசிரியர், ஆண்டு எழுதிய பட்டியல் ஒன்று தயார் செய்யுங்கள். பட்டியலோடு வருகிறவரை நூலகர் உட்கார வைத்துப் பேசுவார். பழைய பாடநூல்களும் அரை செட் கலைக்களஞ்சியமும் யாருக்கும் வேண்டாம். சிற்றிதழ்கள், உள்ளூர்க் கோயில் மலர்கள், சங்க ஆண்டுமலர்கள் இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். எடைக்குப் போட்டுவிட்டு அப்புறம் நாம் தேடுவது அவற்றைத்தான்.

சென்னையிலிருந்து: பிரெஞ்சு தேசிய தினமான ஜூலை 14 அன்று கடற்கரைச் சாலையில் நம் ஊர்ப் பெரியவர்கள் பதக்கம் குத்திக்கொண்டு பிரெஞ்சுக் கொடிக்கு சல்யூட் வைக்கிறார்கள். பார்க்கவே ஒரு மாதிரி இருக்கிறது.

அவர்கள் சொல்தாக்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களுக்குப் பாண்டியில் அதுதான் பெயர். இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் சண்டை போட்டவர்கள் எங்கள் ஊரில் இருந்தார்கள். அந்த அணிவகுப்பு போய் நிற்கிற போர் நினைவுச் சின்னம் 1938ல் திறந்தது. முதல் உலகப் போரில் செத்தவர்களுக்காகக் கட்டியது.

கதை இன்னும் பழையது. பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வக்கீல் 1873ல் ஐரோப்பிய ஷூ போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். நீதிபதி தடுத்தார். பிள்ளை பாரிஸ் வரை வழக்காடி ஜெயித்தார். 1881ல் வந்த ஆணைப்படி, சாதி, மத வழக்கச் சட்டத்தை விட்டுவிட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம், குடும்பப் பெயரும் வைத்துக்கொள்ளலாம் என்றானது. ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த பலருக்கு அது வெறும் மோகம் இல்லை, ஒரு வழி.

அப்புறம் 1954 அக்டோபர் 18ல் கீழூரில் வாக்கெடுப்பு. மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். நவம்பர் 1ல் நிர்வாகம் கைமாறியது, சட்டப்படி முடிந்தது 1962 ஆகஸ்ட் 16ல். பிரெஞ்சுக் குடியுரிமையை விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுத்து வைத்துக்கொள்ள ஒப்பந்தத்தில் அவகாசம் இருந்தது. ஒரே குடும்பத்தில் அண்ணன் பிரெஞ்சுக்காரர், தம்பி இந்தியர் என்பதெல்லாம் இங்கே சகஜம். ஜூலை 14க்கும் ஆகஸ்ட் 15க்கும் அதே ஆள் சட்டை இஸ்திரி போடுவார். இதில் விசுவாசக் கணக்குப் பார்க்கிறவர்கள் அநேகமாக வெளியூர்க்காரர்கள்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அரியாங்குப்பத்திலிருந்து: வீட்டுக்கு பிரெஞ்சு நண்பர்கள் வருகிறார்கள். கஃபே, மஞ்சள் சுவர் எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். வேறு என்ன காட்டலாம்?

மாசி மாதம் வந்தால் வைத்திக்குப்பம். மாசி மகத்தன்று மயிலம் முருகன், தீவனூர் பிள்ளையார் என்று சுற்றுவட்டாரச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்குக் கடற்கரைக்கு வந்துவிடும். மயிலம் சாமியை சுல்தான்பேட்டையில் முஸ்லிம்கள் வரவேற்பார்கள், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். விடிகாலையிலேயே கிளம்புங்கள், அப்புறம் நிற்க இடம் கிடைக்காது. அன்று கடற்கரையில் திதி கொடுப்பவர்களும் இருப்பார்கள். அவர்களைப் படம் எடுக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வைகாசியில் வந்தால் வில்லியனூர்த் தேர். பிரெஞ்சுக் கவர்னர் வடம் பிடித்துத் தொடங்கிவைத்த வழக்கம் இன்றைய துணைநிலை ஆளுநர் வரை தொடர்கிறது. விருந்தாளிகளையும் வடத்தில் கைவைக்கச் சொல்லுங்கள், வேடிக்கை பார்த்துவிட்டுப் போவதைவிட அது மேல்.

கோட்டக்குப்பத்திலிருந்து: மகள் ஏழாவது படிக்கிறாள். பிரெஞ்சு கற்க எங்கே சேர்க்கலாம்?

சுஃப்ரேன் வீதியில் அலியான்ஸ் ஃபிரான்சேஸ். 1889லிருந்து இருக்கிறது, நூலகமும் உண்டு. வகுப்பில் சேர்க்குமுன் ஒருநாள் அந்த நூலகத்துக்கு அழைத்துப் போங்கள். படக்கதைகளைப் புரட்டி ஆசை வந்தால் சேருங்கள். வராவிட்டால் பணம் மிச்சம்.

பாரிஸ் பக்கத்திலிருந்து: பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள். பாண்டி என்றால் லீவுக்குப் போகிற இடம் அவர்களுக்கு. என்ன படிக்கக் கொடுக்கலாம்?

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. பிரெஞ்சுக் கவர்னர் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்தவர். 1736லிருந்து 1761ல் சாகும்வரை எழுதினார். கப்பல் வந்தது, சண்டை, சம்பந்தம், யார் யாரைத் திட்டினார்கள் எல்லாம் அதில் உண்டு. ஆங்கிலத்தில் 12 தொகுதி, அதைக் கொடுத்துப் பயமுறுத்த வேண்டாம். தமிழில் ஒரு நாள் பதிவை மட்டும் எடுத்துத் தாத்தாவோ பாட்டியோ வாய்விட்டுப் படிக்கட்டும். பேச்சு நடைத் தமிழ், வாசித்தால்தான் பிடிபடும். அடுத்த லீவில் ரங்கப்பிள்ளை வீதியில் அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்துங்கள்.

உப்பளத்திலிருந்து: பெத்தாங்க் ஆட வெள்ளைக்காரர்கள் கூப்பிட்டால்தான் போகணுமா?

யார் சொன்னது? இரும்புக் குண்டை உருட்டி ஆடுகிறவர்களில் பாதிப் பேர் நம்ம ஆட்கள்தான். சாயங்காலம் போய் ஓரமாக நில்லுங்கள், ஆள் குறைந்தால் அவர்களே கூப்பிடுவார்கள்.