கைல் ஹைன்ஸ்: ஐரோப்பியக் கூடைப்பந்தை ஆண்ட குட்டை சென்டர் – கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஹைன்ஸோட உயரம் 6 அடி 6 அங்குலம்தானாமே? அதை வச்சுக்கிட்டு, கூடையடியில் நிற்கிற உயரமான ஆளோட இடமான சென்டர்ல எப்படி ஆடினார்?

பதில்: ஆமாம் தம்பி, 198 செ.மீ.தான். எதிரே நின்றவர்களில் பலர் ஏழடிக்காரர்கள். அவர்களோடு எம்பிக் குதித்துப் போட்டி போடும் வேலையே அவர் வைத்துக்கொள்ளவில்லை. பந்து உள்ளே வருவதற்குள் இடுப்பாலும் தோளாலும் இடத்தைப் பிடித்துவிடுவார். ஏழடிக்காரர் பந்தை வாங்கும்போது கூடை எட்டாத தூரத்தில் இருக்கும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஸ்விட்ச், அதாவது காவல் காக்கும் ஆளை மாற்றிக்கொள்வது. பிக் அண்ட் ரோலில் (சக வீரர் காவலரைக் குறுக்கே நின்று மறித்துவிட்டு, கூடையை நோக்கி ஓடும் உத்தி) ஸ்க்ரீன், அதாவது அந்த மறிப்பு, வந்ததும் பெரும்பாலான சென்டர்கள் பின்வாங்குவார்கள், கால் வேகம் போதாது. இவர், பந்தோடு வரும் வேகமான சிறிய வீரரான கார்டு மேலேயே மாறி, அவன் முன்னால் குனிந்து நிற்பார். ஐரோப்பாவில் ஆட்டமே பிக் அண்ட் ரோலை நம்பித்தான் ஓடுகிறது. அதை உடைக்கத் தெரிந்த ஆள் கிடைத்தால் கோச் விடுவாரா?

கேள்வி: அமெரிக்காவின் பெரிய லீகான என்.பி.ஏ.வில் ஏன் ஆடவில்லை?

பதில்: உயரம்தான். கல்லூரியில் (வட கரோலினாவின் கிரீன்ஸ்போரோ) 2000 புள்ளி, 1000 ரீபவுண்ட் (தவறிய பந்தைப் பிடிப்பது), 300 பிளாக் (எதிராளி எறியும் பந்தைத் தடுப்பது) மூன்றையும் தாண்டியும், என்.பி.ஏ. அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2008 டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. இத்தாலியின் இரண்டாம் நிலை லீகில் வெரோலி என்ற சிறிய ஊரில் தொடங்கி, ஜெர்மனியின் பாம்பெர்க் வழியாக 2011இல் கிரீஸின் ஒலிம்பியாகோஸ் கிளப்புக்குப் போனார்.

கேள்வி: சராசரி பத்துப் புள்ளிகூட இல்லை. இவரை எதுக்கு இவ்வளவு தூக்கி வைக்கிறீங்க?

பதில்: கோப்பைகளைப் பாருங்கள் சார். ஐரோப்பாவின் உச்சக் கிளப் போட்டியான யூரோலீக் நான்கு: ஒலிம்பியாகோஸோடு 2012, 2013, சி.எஸ்.கே.ஏ. மாஸ்கோவோடு 2016, 2019. அதே போட்டியின் சிறந்த டிஃபெண்டர் (தடுப்பாளர்) விருது மூன்று: 2016, 2018, 2022. கடைசி விருது வாங்கும்போது வயது 35, அணி மிலான். 2012 இறுதியாட்டத்தில் 19 புள்ளி பின்தங்கியிருந்த ஒலிம்பியாகோஸ் 62-61 என்று ஜெயித்தது. எல்லோருக்கும் நினைவிருப்பது அணித்தோழர் பிரிண்டெஸிஸ் கடைசி நொடியில் போட்ட பந்து. ஆனால் எதிரணியை 61இல் நிறுத்தியிருக்காவிட்டால் அந்த ஒரு பந்தால் என்ன ஆகியிருக்கும்?

கேள்வி: ஐரோப்பிய விதிகள் டிஃபெண்டருக்குச் சாதகம்னு சொல்றாங்களே?

பதில்: பாதி உண்மை. என்.பி.ஏ.வில் யாரையும் காவல் காக்காமல் கூடையடியில் மூன்று நொடிக்கு மேல் நிற்க முடியாது. ஐரோப்பாவில் அந்தத் தடை இல்லை. ஆனால் அதில் அதிக லாபம் ஏழடிக்காரனுக்குத்தான். ஹைன்ஸுக்குக் கைகொடுத்தது என்.பி.ஏ.வைவிடக் குறுகிய 40 நிமிட ஆட்டம் என்பேன். வாய்ப்புகள் குறைவு, ஒவ்வொன்றும் கனம். மறுபக்கம், ஐந்தே ஃபவுலில் வெளியே. கையை அடக்கத் தெரியாதவன் அங்கே டிஃபெண்டராகப் பிழைக்க முடியாது.

கேள்வி: ஐரோப்பாவில் ஆடினா சம்பளம் ஒழுங்கா வருமா?

பதில்: பெரிய கிளப்களில் பிரச்சினை குறைவு. பல ஒப்பந்தங்களில் வரி போகக் கைக்கு வரும் தொகையையே பேசுவார்கள். வீடு, கார், விமான டிக்கெட் தனி. பாக்கி வைத்தால், ஒப்பந்தத்தில் அதற்கான ஷரத்து இருக்கும் பட்சத்தில், உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபா அமைத்த நடுவர் மன்றத்துக்குப் போகலாம். கையெழுத்துப் போடுமுன் அந்த ஷரத்து இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம்.

கேள்வி: நானும் குட்டை சென்டர்தான், காலேஜ் டீம். அவர் வீடியோவில் எதைப் பார்க்கணும்?

பதில்: பந்தைப் பார்க்காதே, அவர் பாதத்தை மட்டும் பார். ஸ்க்ரீன் வருவதற்கு முன்பே எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார், பின்னாலிருந்து யாருக்குக் குரல் கொடுக்கிறார் என்று கவனி. பிளாக் தொகுப்புகளைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் 2019 இறுதியாட்டம், துருக்கியின் எஃபெஸ் அணிக்கு எதிராக, முழுசாகப் பார்.