நெடுங்கல்லைத் தேடிப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

பழங்காலத்தில் நட்டு நிறுத்திய பெருங்கற்களான நெடுங்கற்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே கேட்டுவிட்டீர்கள். கொங்குப் பக்கத்திலும் தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கத்திலும் 22 ஆண்டுகளாக இந்தக் கற்களைத் தேடி நடந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

ஈரோடு வாசகி: பிள்ளைகளுக்கு ஒரு நெடுங்கல்லைக் காட்ட வேண்டும். எங்கே போகலாம்? எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. திருப்பூர் மாவட்டத்தில் ஊத்துக்குளிப் பக்கம் குமரிக்கல்பாளையம். ஊர்ப் பெயருக்குள்ளேயே கல் இருப்பதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அதே நாளில் நொய்யல் கரையில் கொடுமணலையும் பார்த்துவிடலாம். இறந்தவர்களுக்குக் கல் நட்டவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைக் கொடுமணல் காட்டும். இரும்பு உருக்கியிருக்கிறார்கள், சூதுபவளத்திலும் பளிங்கிலும் மணி செய்திருக்கிறார்கள், பானையில் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் பெயர் கீறி வைத்திருக்கிறார்கள். ஊரை ஒட்டியே இறந்தவர்களைப் புதைத்த ஈமக்காடு. கல்வட்டங்களையும், பலகைக் கல்லில் வட்டமாகக் குடைந்த இடுதுளையோடு கூடிய கல்பதுக்கைகளையும் (நிலத்துக்குள் பலகைக் கற்களால் கட்டிய ஈம அறைகள்) அங்கே காணலாம்.

தை, மாசியில் போங்கள். வெள்ளாமை எடுத்த பிறகு நிலம் வெறிச்சென்று இருக்கும். கல்லைச் சுற்றி வரலாம். காலை ஏழு மணிக்கு அங்கே நிற்பது நல்லது. சாய்ந்து விழும் வெயிலில்தான் கல்லின் முகத்தில் உள்ள கொத்தல்களும் குழிகளும் எழும்பித் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும், படத்திலும் ஒன்றும் விழாது. சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும், மூடிய காலணி அவசியம். கல் தனியார் தோட்டத்தில் இருந்தால் தோட்டத்துக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் வரப்பில் இறங்க வேண்டும். கல்லுக்கு விளக்கு வைக்கும் வழக்கம் இருந்தால் காலணியைக் கழற்றிவிடுங்கள்.

இன்னொன்று. இந்தப் பதில்கள் முழுக்க இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்: கல்லை நிமிர்ந்து பார்ப்பதற்கு முன் காலடியைப் பாருங்கள். கல்லின் அடியைச் சுற்றித் தலை நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கற்கள் அண்டைக்கற்கள். குழி தோண்டிக் கல்லை நிறுத்தியபோது அது சாயாமல் இருக்க இடுக்கில் இறுக்கி வைத்தவை. அதில் ஒன்றைக்கூடப் பிள்ளைகள் எடுத்து விளையாட விடாதீர்கள்.

மதுரை வாசகர்: நெடுங்கல், குத்துக்கல், நடுகல் மூன்றும் ஒன்றா?

நெடுங்கல்லும் குத்துக்கல்லும் ஒன்றுதான். நட்டு நிறுத்திய, எழுத்தும் உருவமும் இல்லாத பெருங்கல். நடுகல் என்று இன்று நாம் சொல்வது பெரும்பாலும் வீரனுக்கு எடுத்த கல். உருவமோ எழுத்தோ அதில் இருக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்று வளர்ந்தது என்பதே என் எண்ணம். அதற்கு நடுவில் நிற்பவை தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த கற்கள். உருவம் இல்லை, தமிழி எழுத்து மட்டும். அவற்றில் ஒன்று, கூடல் ஊர் ஆகோளில் இறந்த தீயன் அந்தவனுக்கு எடுத்த கல். ஆநிரை கவரும் பூசலில் ஒருவன் விழுந்த செய்தி மூன்றே வரியில். ஊமையாக நின்ற கல் பேசத் தொடங்கிய இடம் அது. முதன்முதலில் அதன் நகலைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

நாமக்கல் வாசகர்: எங்கள் தோட்டத்தில் ஐந்தடிக் கல் ஒன்று நிற்கிறது. நெடுங்கல்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நல்ல கேள்வி. நின்றுகொண்டிருக்கும் கல்லெல்லாம் நெடுங்கல் ஆகிவிடாது. குளத்தங்கரையிலோ மந்தைவெளியிலோ நின்று, இடுப்பு உயரத்தில் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் அது ஆவுரிஞ்சுகல்; மாடுகள் உடம்பு தேய்த்துக்கொள்ள நட்டது. இரண்டு கற்கள் நின்று அவற்றின்மேல் ஒன்று படுத்திருந்தால் சுமைதாங்கி. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக வைக்கும் வழக்கம் உண்டு, அதையும் மரியாதையோடு பாருங்கள். கிணற்று மேட்டில் துளையோடு நின்றால் பழைய ஏற்றத்தின் கால். விளிம்பில் வரிசையாக ஆப்புக் குழிகள் இருந்தால் பிற்காலத்தில் உடைத்த கல் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அம்புக்குறியோ எண்ணோ வெட்டியிருந்தால் நில அளவைக் கல்.

இவை எதுவும் இல்லை என்றால் அடுத்ததாகச் சுற்றுப்புறத்தைப் பாருங்கள். அரைக் கிலோமீட்டருக்குள் கல்வட்டமோ, கற்குவியலோ, முதுமக்கள் தாழியின் வாயோ இருக்கிறதா? ஊர்க்காரர்கள் அந்தப் பக்கத்தைப் பாண்டவர் குழி, மாண்டவர் குழி, வாலியர் வீடு என்று ஏதாவது சொல்கிறார்களா? அந்தப் பெயர்கள் லேசானவை அல்ல. மலபாரில் இருந்த பாபிங்டன் என்ற ஆங்கிலேயர் 1823-இல் வெளியான தன் கட்டுரைக்கே ‘பாண்டு குழி’ என்றுதான் பெயர் வைத்தார். ஊர் வாயிலிருந்து எடுத்த பெயர் அது.

கோவை வாசகர்: கல்லைக் கார்பன் சோதனைக்கு அனுப்பினால் வயது தெரிந்துவிடுமா?

தெரியாது. கல்லின் வயது கோடிக்கணக்கான ஆண்டுகள். நமக்கு வேண்டியது அதை நட்ட நாள். கார்பன் சோதனை உயிர் இருந்த பொருளுக்கு மட்டும்: கரி, எலும்பு, தானியம். அவை கல்லின் குழிக்குள் கிடைத்தால்தான் பயன். குழிக்குள் விழுந்த மணலின் குவார்ட்ஸ் துகள் கடைசியாக வெயிலைக் கண்டது எப்போது என்று கணிக்கும் இன்னொரு முறையும் உண்டு. அந்த மண்ணை யாரோ ஒருமுறை கிளறி வெயிலில் போட்டுவிட்டால் துகளின் கணக்கு அழிந்துவிடும். காலடியைப் பாருங்கள் என்று நான் சொல்வதன் காரணம் இதுதான். கல் தன் தேதியைக் காலடியில் வைத்திருக்கிறது.

சேலம் வாசகர்: தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் இரும்பின் காலம் கி.மு. 3345 என்று வந்துவிட்டதே, எங்கள் ஊர் நெடுங்கல்லும் அவ்வளவு பழையதா?

2025 ஜனவரியில் அரசு வெளியிட்ட அந்த ஆண்டு, சிவகளை ஈமக்காட்டில் எடுத்த மாதிரிகளுக்கு உரியது. அதற்கு முன் 2022-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறை இரும்புக்குக் கி.மு. 2172 என்று அறிவித்தார்கள். அந்த ஆண்டுகளை உங்கள் ஊர்க் கல்லின் மேல் ஒட்ட முடியாது. இறந்தவர்களுக்குப் பெருங்கல் வைக்கும் பெருங்கற்படை வழக்கம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. உங்கள் கல் அதில் எந்த நூற்றாண்டு என்பதை அதன் குழி மட்டுமே சொல்லும்.

கரூர் வாசகர்: கல்லுக்கு அடியில் புதையல் இருக்கும் என்கிறார்களே?

இல்லை. சில நெடுங்கற்களின் பக்கத்தில் ஈமக்குழி இருக்கும். அதில் எலும்பும் பானையும் இரும்புக் கத்தியும் சில மணிகளும் இருக்கலாம். பல கற்களின் அடியில் அதுவும் கிடையாது. தோண்டாதீர்கள்.

திருச்செங்கோடு வாசகர்: எங்கள் தாத்தா காலத்திலிருந்தே அந்தக் கல்லடியில் தங்கம் இருக்கிறது என்று பேச்சு...

மேலே சொல்லிவிட்டேன்.

அரூர் வாசகர்: உண்மையிலேயே புதையல் கிடைத்தால் சட்டப்படி யாருக்குச் சொந்தம்?

பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. புதையல் பற்றி இனி நான் பதில் எழுதப் போவதில்லை. பொன் தேடித் தோண்டி, ஒன்றும் கிடைக்காமல், கோபத்தில் பானைகளை உடைத்துப் போட்ட குழிகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

சென்னை வாசகி: கல்லில் கை வைத்தால் அதிர்வு தெரியும் என்கிறார்கள். உண்மையா?

எனக்கு ஒருமுறையும் தெரிந்ததில்லை. விடிகாலையில் ஜில்லென்று இருக்கும்.

மூணாறு போகும் வாசகர்: மறையூர் முனியறைகளைப் பற்றிச் சொல்லுங்கள்.

அவை கல்திட்டைகள், அறைபோல் கட்டியவை. வேறு வகை, வேறு நாளில் பேச வேண்டியவை. போகும் வழியென்றால் தவறாமல் பாருங்கள்.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலிருந்து ஒரு வாசகர்: இங்கே இருப்பவற்றோடு நம் கற்கள் ஒப்பிடத் தக்கவையா?

காலத்தால் அவை மூத்தவை, மக்களும் வேறு. ஆனால் உங்களுக்குப் பக்கத்தில் யார்க்‌ஷயரிலேயே ரட்ஸ்டன் என்ற ஊர் இருக்கிறது. பிரிட்டனின் மிக உயரமான நெடுங்கல் அங்கேதான், ஏறத்தாழ 7.6 மீட்டர். அது தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்துக்குள் நிற்பதைக் கவனியுங்கள். புதிய சமயம் வந்தபோது கல்லைச் சாய்க்காமல் பக்கத்திலேயே கோயில் எழுப்பியிருக்கிறார்கள். இந்தியாவுக்கு வரும்போது மேகாலயாவில் நார்தியாங்கையும், தெலங்கானாவில் கிருஷ்ணை ஆற்றுப் பக்கம் முடுமலையும் பாருங்கள். முடுமல் 2025-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது.

பல்லடம் வாசகர்: எங்கள் பக்கத்து ஊர் நெடுங்கல்லுக்கு மஞ்சள் பூசி, எண்ணெய் ஊற்றி, இப்போது சிமெண்ட் மேடையும் கட்டிவிட்டார்கள். வழிபாட்டையே நிறுத்தினால்தான் இந்தக் கற்கள் பிழைக்கும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

வழிபாட்டை நிறுத்தச் சொல்ல மாட்டேன். மேடையைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. அதற்குள் இன்னொரு கடிதம் வந்துவிட்டது.

காங்கேயம் வாசகர்: பல்லடத்துக்காரர் எழுதியதைப் பார்த்தேன். எங்கள் பாட்டன் பூட்டன் கும்பிட்ட சாமி அது. ஆராய்ச்சி என்ற பெயரில் அதைக் கல் ஆக்கப் பார்க்கிறீர்கள்.

ஐயா, உங்கள் கோபம் நியாயமானது. நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டி, கள் படைத்ததை அதியமானைப் பாடும் ஔவையின் புறநானூற்றுப் பாட்டிலேயே (232) காணலாம். கல்லுக்குப் படையல் வைப்பது இந்த மண்ணில் ஆராய்ச்சியைவிட மிக மூத்த வழக்கம்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். நிலக்கடலைக் காட்டின் நடுவே பதினோரு அடிக் கல். அந்தக் காட்டுக்காரப் பாட்டி அமாவாசை தோறும் அதற்கு விளக்கு வைப்பார். அவருக்கு முன் அவருடைய மாமியார் வைத்தார். ஒருமுறை கல் உடைக்கிறவர்கள் லாரியோடு வந்துவிட்டார்கள். பாட்டி கல்லடியில் போய் உட்கார்ந்துகொண்டார், பொழுது சாயும்வரை எழவில்லை. லாரி திரும்பிப் போயிற்று. எந்தச் சட்டமும் எந்த அலுவலகமும் அன்று அங்கே வரவில்லை. அந்தக் கல் இன்று நிற்பது அவருடைய நம்பிக்கையால்தான்.

நான்கு ஆண்டு கழித்து மறுபடி போனேன். திருவிழாவுக்காக மேடை கட்டியிருந்தார்கள். அஸ்திவாரத்துக்குப் பொக்லைன் விட்டுச் சுற்றிலும் மூன்றடி ஆழம் அள்ளியிருந்தார்கள். அண்டைக்கற்கள் வரப்பில் கிடந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு பானையோட்டுத் துண்டை எடுத்துப் பார்த்தேன். வெளிப்பக்கம் நல்ல சிவப்பு, உள்ளும் விளிம்பும் மைக் கறுப்பு. கவிழ்த்து வைத்துச் சுட்ட பானை. விளிம்பில் குயவரின் விரல் வழித்த கோடு நகக்கண் அகலத்துக்கு அப்படியே இருந்தது. அது எந்த ஆழத்தில் இருந்தது, எந்தப் பக்கம் இருந்தது என்று சொல்ல இனி யாராலும் முடியாது. பாட்டி என்னைப் பார்த்துச் சொன்னார்: “உடைக்க வந்தவனைத் தடுக்கத் தெரிந்தது கண்ணு. கட்டடம் கட்டித் தருகிறேன் என்று வந்தவனை எப்படித் தடுப்பது?”

நீங்கள் கும்பிடுங்கள் ஐயா. உங்கள் சாமியின் காலடியைத் தோண்ட மட்டும் விடாதீர்கள்.

கோபியிலிருந்து ஒரு வாசகி: நீங்கள் பக்தர்களுக்கு ரொம்ப இடம் கொடுக்கிறீர்கள். எண்ணெயும் கற்பூரமும் கல்லைக் கெடுக்காதா?

கெடுக்கும். எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் படிந்தால் கொத்தல்கள் மறைந்துபோகும். பெயிண்ட் இன்னும் மோசம். அதைச் சுரண்டி எடுக்கும்போது கல்லின் தோலும் சேர்ந்து வரும். விளக்கை நான்கு முழம் தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலோர் கேட்கிறார்கள். நானே கேட்டுப் பார்த்திருக்கிறேன். அழுக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கிளறிய மண்ணை ஒன்றும் செய்ய முடியாது. இரண்டில் எதற்கு முதலில் சண்டை போடுவது என்று கேட்டால் என் பதில் இதுதான்.

பெங்களூர் வாசகர்: அந்தப் பதினோரு அடிக் கல்லின் இருப்பிடத்தை வரைபடக் குறியோடு கொடுங்கள்.

மாட்டேன். புதையல் கேள்விகளை மேலே படித்திருப்பீர்கள்.

திருவண்ணாமலை வாசகி: மனித உருவில் ஒரு கல் இருக்கிறதாமே?

உங்கள் மாவட்டத்திலேயே மோட்டூரில். இரு தோள் விரித்து நிற்பது போன்ற பலகைக் கல். விழுப்புரம் மாவட்டத்து உடையார்நத்தத்திலும் இத்தகைய ஒன்று உண்டு. எதிர்வெயிலில் நின்று பாருங்கள், தோள் நன்றாகத் தெரியும்.

பல்லடம் வாசகர், மறுபடி: காங்கேயத்துக்காரர் சொன்னதும் நியாயம்தான். எங்கள் மேடையை இடித்துவிடச் சொல்லலாமா?

வேண்டாம். இடித்தால் இருக்கிற பிடிமானமும் ஆட்டம் காணும். கல்லுக்கு மூன்றடி தள்ளி நின்று நான்கு பக்கமும் படம் எடுங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு அளவுகோல் தெரியட்டும். அகன்ற முகம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று எழுதுங்கள். அதையெல்லாம் சேர்த்துக் கிராம நிர்வாக அலுவலருக்கும் மாநிலத் தொல்லியல் துறைக்கும் மனுவாகக் கொடுத்துக் கையொப்பமிட்ட நகல் வாங்கிக்கொள்ளுங்கள். திருவிழாக் குழுவில் இருப்பவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர்கள் பெயரும் மனுவில் இருக்கட்டும். அதற்கெல்லாம் முன்பாக, அள்ளிப் போட்ட மண்ணையும் அண்டைக்கற்களையும் எங்கே கொட்டினார்கள் என்று கேளுங்கள். யாராவது வேலிக்கு எடுத்துப் போவதற்குள் எண்ணி, ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள்.